இருவகைப் பசி

சாம்பற் புதன் கழிந்து சில நாட்களே ஆகின்றன. அன்று மாலை கேம்ப் பகுதித் தெருக்களிலும், நம் முதியோர் இன்றும் கிர்க்கி என்றே வழங்கும் கட்கியின் கடைவீதியிலும், நெற்றியிற் சாம்பற் குறியுடன் வீடு திரும்பிய நம்மவர் பலரைக் கண்டோம். கத்தோலிக்கர் இக்காலத்தைத் தவக்காலம் என்பர். சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பர். நம் பாட்டிமார் வழங்கிய சொற்கள் ஒருசந்தி, சுத்தபோசனம் என்பன. ஒருசந்தியாவது ஒரு வேளை மட்டும் முழு உணவு கொள்ளுதல். சுத்தபோசனமாவது இறைச்சி நீக்கிய உணவு. ஏகாதசியும் சஷ்டியும் காக்கும் வீடுகளும், ரமலான் நோன்பு நோற்கும் வீடுகளும் நம் சங்கத்தில் உண்டு. ஆதலின் பசித்திருத்தல் என்றால் யாது என்று நம் அன்பர் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும், இப்பகுதியைத் தவறாது படித்துவரும் அம்மையார் ஒருவர் விடுத்த வினா நம்மைச் சற்றே நிற்க வைத்தது. "வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி ஆகாது என்பதால் வஞ்சிரம் வாங்குகிறோம். ஆட்டிறைச்சியைவிட அதுவே விலை அதிகம். நோன்பிருந்து செலவு கூடுமானால், அந்த நோன்பின் கணக்கை எங்கே எழுதுவது?" என்று அவர் கேட்டார். வேடிக்கையாகவே கேட்டார் போலும். நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. நோன்பிற்கு ஒரு கணக்கு உண்டு. அதனைத் திருச்சபையின் முன்னோர் மிகத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றனர்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ஹெர்மாசின் மேய்ப்பர் என்னும் நூல், நோன்பு நாளன்று அப்பமும் நீரும் மட்டுமே கொள்ளச் சொல்கின்றது. அத்துடன் விடவில்லை. அன்று உண்டிருக்கக் கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ வறியவருக்கோ கொடுத்துவிடுமாறு பணிக்கின்றது. 5ஆம் நூற்றாண்டில் உரோமை ஆயராயிருந்த பெரிய லியோ, தம் தவக்கால மறையுரைகளில் இதே கருத்தைப் பலமுறை வற்புறுத்தினார். 1958ஆம் ஆண்டில் செருமானிய ஆயர்கள், கர்தினால் ஃபிரிங்ஸ் விடுத்த அழைப்பை ஏற்று, மிசேரியோர் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்துத் தவக்காலக் காணிக்கையைப் பிற நாட்டு வறியோர்க்கு அனுப்பத் தொடங்கியதும் இவ்வழியிலேதான். ஆகவே நம் அம்மையாருக்கு விடை எளிது: மிச்சமாவது எதுவோ அது நமதன்று. வஞ்சிரத்தில் மிச்சம் ஏதும் இல்லை.

இவ்வளவோடு முடியுமாயின் நோன்பு ஒரு சிக்கனத் திட்டமாய் நின்றுவிடும். எசாயா இறைவாக்கினர் அவ்வாறு நிற்க விடவில்லை. அவருடைய நூலின் 58ஆம் அதிகாரம் தவக்காலத் தொடக்கத்தில் ஆலயங்களில் வாசிக்கப்பெறுவது. நோன்பிருக்கிறோமே, இறைவன் ஏன் காணவில்லை என்று மக்கள் முறையிடுகின்றனர். நோன்பு நாளிலும் உங்கள் வேலையாட்களை நசுக்குகின்றீர்களே என்பதே அதற்குக் கிடைக்கும் முதல் விடை. பசித்தோர்க்கு உணவு பகிர்தல் அதன்பின் வருகின்றது. நுகத்தை முறித்தல் அதற்கும் முன்னே வருகின்றது. இவ்வரிசையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஈகைக்கு முன் நீதி.

இதனைப் படிக்குங்கால் நம் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வரும் மாவஷிகளை நினையாமல் இருக்க முடியவில்லை. உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் வீடெல்லாம் ஒட்டடை அடிக்கின்றோம்; திரைச்சீலைகளை வெளுக்கின்றோம்; சன்னற் கம்பிகளைத் துடைக்கின்றோம். செய்பவர் யார்? வழக்கமான சம்பளத்திற்கு வழக்கமில்லாத வேலையைச் செய்பவர் அவரே. நாம் சிலுவைப்பாதைக்குச் சென்று திரும்பும்வரை அவர் நின்றுகொண்டிருக்கின்றார். தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் கதை இதுவே. ஆதலின் இதனைக் கிறிஸ்தவ இல்லங்களுக்கு மட்டும் சொல்லியதாகப் பிற அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா.

பசி இருவகைப்படும். நாமே வரித்துக்கொண்ட பசி ஒன்று. அதற்கு நேரம் உண்டு, எல்லை உண்டு, மாலையில் முடிவும் உண்டு. வரியாமலே வந்து புகும் பசி மற்றொன்று. தமிழ்நாட்டில் இவ்விரண்டாவது பசிக்குப் பெயர் தேட வேண்டுவதில்லை. தாது வருஷப் பஞ்சம் என்ற சொல் நம் பாட்டன்மார் வாயில் வழங்கியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. அதற்கு முன்னரே, 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், வடலூரில் இராமலிங்க அடிகளார் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியையே பிணியெனக் கண்டு மருந்திட்ட மரபு நம்முடையது.

அப்பெரும் பஞ்சத்திற்கு ஈராண்டுகள் முன்னரே, 1874இல், அதே மாகாணத்தில் திருப்பதியை அடுத்த காடொன்றில் ஓர் அந்தணக் குடும்பம் பட்டினியால் மாய்ந்துகொண்டிருந்தது. தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழிப் புலவர். ஊரார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது தம் மனைவி இலட்சுமிபாய்க்கு வடமொழி கற்பித்தவர். அத்தாய் தம் இளைய மகளுக்குக் கற்பித்தார். அம்மகள் இளமையிலேயே பாகவதத்தின் 18,000 சுலோகங்களையும் மனப்பாடமாகச் சொல்லுவாள். அவர்கள் தலம் தலமாகச் சென்று புராணம் படித்து, அதற்குக் கிடைக்கும் காணிக்கையில் வாழ்ந்தவர்கள். பஞ்சம் வந்தது. நகைகள் போயின, பாத்திரங்கள் போயின, துணிகள் போயின. விரதங்களை மட்டும் அவர்கள் விடவில்லை. கடைசி அரிசியும் தீர்ந்தபின் காட்டிற்குள் புகுந்து, பதினொரு நாட்கள் நீரும் இலையும் ஒரு பிடி காட்டு ஈச்சம் பழமும் உண்டு கிடந்தனர். தந்தை இறந்தார். சில திங்களுக்குள் தாயும் தமக்கையும் மறைந்தனர். எஞ்சிய மகளும் அண்ணனும் நாட்டின் வடகோடிவரை நடந்தே சென்றனர்.

அம்மகளே பண்டிதை ரமாபாய். நம் புனே நகரோடு அவர் பெயர் பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளது. வரித்துக்கொண்ட பசி, வரியாது வந்த பசி ஆகிய இரண்டையும் ஒருங்கே அறிந்தவர் அவர். நோன்பைப் பற்றிப் பேச அவரினும் தகுதியுடையார் அரியர் என்பது நம் கருத்து. ஆதலின் இத்தவக்காலத்தில் அவர் வரலாற்றைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகின்றோம்.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் தென் கன்னடப் பகுதியின் மலைக்காட்டில் பிறந்த ரமாபாய், 1878இல் கல்கத்தாவை அடைந்தார். அங்குள்ள அறிஞர்கள் அவருடைய வடமொழிப் புலமையை ஆராய்ந்து பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் வழங்கினர். 1880இல் அண்ணன் இறந்தார். அவ்வாண்டே சாதி வேலியைத் தாண்டி வங்காள வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். 1882இல் கணவர் வாந்திபேதியால் மாண்டார். கையிற் பெண் குழந்தையோடு, இருபத்து நான்காம் வயதிற் கைம்பெண்ணாகப் புனே வந்து சேர்ந்தார். வந்த ஆண்டே ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். ஹண்டர் கல்விக் குழுவின் முன் தோன்றி, பெண்களுக்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியரும், மருத்துவம் செய்யப் பெண் மருத்துவரும் வேண்டும் என்று சாட்சியம் கூறினார். அப்போது அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க. நீதி வேட்கை அவருக்கு மதம் மாறியதால் வந்ததன்று; அஃது அவரோடு கூடவே வந்தது.

1883இல் இங்கிலாந்து சென்ற ரமாபாய், வாண்டேஜ் என்னும் ஊரில் துறவுப் பெண்டிர் மடத்தில் தங்கினார். அவர்கள் இலண்டனையடுத்த ஃபுல்லம் என்னுமிடத்தில், நெறி தவறியோர் என்று உலகம் ஒதுக்கிய பெண்களை ஏற்று ஆதரித்த இல்லத்தை அவருக்குக் காட்டினர். நம் நாட்டில் அத்தகைய பெண்ணுக்கு இரக்கம் காட்டக் கண்டதில்லையே என்று அவர் வியந்தார். யோவான் நற்செய்தியில் இயேசு பெருமான் கிணற்றடியிற் சமாரியப் பெண்ணோடு உரையாடும் பகுதியை அங்கே படித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். பெற்றபின்னும் மடத்தாரோடு கோட்பாடு பற்றி ஓயாது வாதாடினார். சொன்னதைக் கேட்டு அடங்கும் இயல்பு அவரிடம் என்றுமே இருந்ததில்லை. அந்தண குருமாரிடம் அடங்காதவர் ஆங்கில குருமாரிடம் மட்டும் அடங்குவாரா?

அமெரிக்காவிற் பொருள் திரட்டித் திரும்பி, 1889ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் பம்பாயிற் சாரதா சதன் என்ற பெயரில் இளங் கைம்பெண்களுக்கான பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டில் அது புனேவுக்கு வந்தது. நீதிபதி ரானடேயும் பேரறிஞர் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். 1893இற் புயல் எழுந்தது. மாணவியர் சிலர் அவரோடு கூடிச் செபிப்பதை அறிந்து, இது மதமாற்றும் இடம் என்று கேசரி இதழ் கண்டித்தது; ஆலோசகர்கள் விலகினர்; பல பெற்றோர் தம் மகளிரை அழைத்துச் சென்றனர். இவ்வழக்கில் இரு பக்கத்தும் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகின்றோம். சமயக் கலப்பு இராது என்று நம்பி மகளை விடுத்த தந்தையின் மனக்குறை பொய்யன்று. தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செபிக்க வேண்டும் என்று ஒரு பெண்ணைக் கட்டுப்படுத்துவதும் முறையன்று.

ஆனால் அச்சண்டையின் ஊடே நிகழ்ந்த ஒன்றை நம் நகரத்தார் பலர் அறியார். சாரதா சதனில் முதன்முதற் சேர்ந்த கைம்பெண் கோதுபாய் என்பவர். 1893ஆம் ஆண்டிலே அவரைத்தான் பேராசிரியர் தோண்டோ கேசவ் கார்வே மறுமணம் புரிந்தார். 1896இல் கார்வே இந்துக் கைம்பெண்களுக்கென இல்லம் தொடங்கினார். 1916இற் பெண்கள் பல்கலைக்கழகத்தையே தோற்றுவித்தார். நம் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து செல்லும் கார்வே சாலை அவர் பெயரால் வழங்குவது. ஒரு பெண் ஏற்றிய விளக்கிலிருந்து, அவர் சமயத்தை ஏற்காத ஒருவர் தம் விளக்கை ஏற்றிக்கொண்டார். நமக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

இனிப் பஞ்சத்திற்கு வருவோம். 1896இலும் 1897இலும் மத்திய மாகாணங்களில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் மூண்டது. செய்தி எட்டியபோது ரமாபாய்க்குத் திருப்பதிக் காடு நினைவுக்கு வந்திருக்கும் என்று நாம் ஊகித்துச் சொல்ல வேண்டுவதில்லை; தம் பழைய பசியே தம்மை அங்கே செலுத்திற்று என்று அவரே எழுதியிருக்கின்றார். பஞ்ச நிவாரண முகாம்களை நேரிற் பார்த்தார். உணவு குறைவு என்பது மட்டுமன்று அவர் கண்டது. ஆதரவற்ற இளம் பெண்களைக் கவர்ந்து செல்லத் தீயோர் அங்கே சுற்றித் திரிவதையும் கண்டார். ஏறத்தாழ முந்நூறு பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். அக்காலத்திற் புனேவில் பிளேக் நோய் பரவியிருந்தமையால் அத்தனை பேரை நகருக்குள் வைக்க அதிகாரிகள் இடம் தரவில்லை. நகருக்குக் கிழக்கே 50, 60 கிலோமீட்டர் தொலைவிற் கேட்காவ் என்னும் சிற்றூர் அருகே, பழத்தோட்டம் இடுவதற்கென அவர் வாங்கியிருந்த நிலம் கிடந்தது. அங்கே கூடாரமடித்து அவர்களைக் குடியேற்றினார். முக்தி சதன் பிறந்தது இவ்வாறே. 1900இற் குஜராத்துப் பஞ்சத்தின்போது மேலும் பலர் வந்தனர். மொத்தம் 1,500க்கு மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர்.

அங்கே நடந்தது வெறும் அன்னதானமன்று. ரமாபாயின் பெற்றோர் ஏன் மாண்டனர்? புலமை இருந்தது, கைத்தொழில் இல்லை. கூலி வேலை செய்தல் இழிவு என்ற எண்ணம் காட்டின் விளிம்புவரை அவர்களைத் தடுத்தது. ஆதலின் முக்தியில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு தொழில் கற்றார். நெசவு, எண்ணெய் ஆட்டுதல், உழவு, பால் பண்ணை, தையல், அச்சுக்கோத்தல் யாவும் பெண்களே செய்தனர். கண் பார்வையற்ற பெண்களுக்கு ரமாபாயின் மகள் மனோரமா பிரெயில் எழுத்துக் கற்பித்தார். எல்லாச் சாதியாரும் ஒரே இடத்தில் உண்டனர். ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். அதனை அச்சுக் கோத்தவர்களும் அப்பெண்களே. பட்டினிக் கூடாரத்தினின்று வந்தவர்கள் பதினைந்து இருபது ஆண்டுகளில் வேத நூலை அச்சிட்டனர் என்பதை நினைக்க, நமக்கு மெய்சிலிர்க்கின்றது.

செபத்திற்கு வருவோம். 1905ஆம் ஆண்டு தொடக்கத்தில், நாள்தோறும் கூடிச் செபிக்க விரும்புவோர் வரலாம் என்று அவர் அழைத்தார். எழுபதுபேர் முன்வந்தனர், விரைவில் அத்தொகை பல நூறாயிற்று. அவ்வாண்டு கேட்காவிற் கண்ணீரும் முழக்கமுமாய் எழுந்த செப எழுச்சியைப் பற்றி உலகெங்கும் எழுதினர். அத்தகைய உணர்ச்சிப் பெருக்கு நம் அன்பருட் சிலருக்கு உவப்பாகாது. நமக்கும் அதிற் சிறிது தயக்கம் உண்டு. எனினும் ஒன்று மறுக்கொணாதது. செபக்கூடத்தினின்று எழுந்தவர்கள் தறியிலும் கேணியிலும் அச்சகத்திலும் கை வைத்தவர்கள். ஒரு நாளின் இரு பாதிகளாகவே செபமும் உழைப்பும் அங்கே இருந்தன.

அவர் வாழ்க்கையில் நாம் தவக்காலத்திற்கு மிகவும் உரியதெனக் கருதும் செயல் வேறொன்று; அதனைப் பலர் பேசுவதில்லை. 1897இற் புனேவில் பிளேக் நோயைத் தடுக்கவெனப் படை வீரரைக் கொண்டு வீடுகளைச் சோதனையிட்ட காலத்தில், மருத்துவமனையிலும் முகாமிலும் பெண்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்து பாம்பே கார்டியன் இதழுக்கு ரமாபாய் மடல் எழுதினார். ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபுவின் அரசு அக்குற்றச்சாட்டை மறுத்தது. அப்போதைய அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரார் அவரைக் கைவிட்டிருந்தனர். ஆதரவு தந்தோர் பெரும்பாலும் வெள்ளையர். சமயமும் ஆள்வோர் சமயம். முந்நூறு வாய்களுக்கு அன்றாடம் சோறிட வேண்டும். பேசாதிருக்க அவருக்கு இருந்த காரணங்கள் நம்மில் எவருக்கும் இருப்பவற்றினும் மிகுதி. அவர் பேசினார். சோறிடுதல் தருமம், அச்சோற்றுக்கு இடர் வரக்கூடும் என அறிந்தும் வாய் திறத்தல், எசாயா சொன்ன நுகம் முறித்தல்.

இங்கே நம்மவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாது விடுவது நேர்மையன்று. ஊரிலிருந்து புறப்பட்டபோது நாம் மூட்டையிற் கட்டிக் கொணர்ந்தவற்றுள் சாதியும் ஒன்று. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில், இரு பிரிவினர் ஒருவரையொருவர் காணாது வழிபடவென, 1872ஆம் ஆண்டளவில் பலிபீடத்தில் வந்து கூடும் இரண்டு நீண்ட கூடங்களோடு ஆலயம் கட்டினர். அதன் வடிவைக் கண்டு அதற்குக் காற்சட்டைக் கோயில் என்று நகைப்பெயரும் வழங்கிற்று. 1910ஆம் ஆண்டளவில் பங்குத் தந்தை கௌசானல் அடிகளார் பிரிவுச் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் உயர்நீதிமன்றம்வரை வழக்காடித் தோற்றனர். சுவருக்காகப் பணம் செலவிட்டு வழக்காடியவர்களும் தவக்காலத்தில் ஒருசந்தி இருந்தவர்களே என்பதை மறக்கலாகாது. புனேவில் நம் ஆலயங்களில் அத்தகைய சுவர் இல்லை. ஆனால் திருமணப் பேச்சு எழும்போதும், சங்கத் தேர்தலின்போதும், விருந்தில் யார் வீட்டார் சமைத்தது என்று மெல்ல வினவும்போதும் அச்சுவரின் அடித்தளம் நம் காலில் இடறுகின்றது. இறைச்சியை நாற்பது நாட்கள் விடுவது எளிது. இவ்வினவை விடுவது எளிதன்று.

கேட்காவுக்குச் செல்வோர் இத்திங்களில் ஹடப்சர் கடந்து உருளி காஞ்சன், யவத் வழியாகச் செல்லும் சாலையிற் கரும்பு ஏற்றிய வண்டிகளைக் காண்பர். கரும்பு வெட்டுவோர் பெரும்பாலும் பீட் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வந்து பங்குனி அளவில் திரும்புபவர். அவர்கள் பருவத்தின் கடைசி வாரங்களே நம் தவக்காலம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கோய்தா, அதாவது ஓர் அரிவாள் எனவே கணக்கிடப்படுவர். வருமுன்னரே முகாதம் எனப்படும் தரகரிடம் முன்பணம் வாங்கியிருப்பர். அதனை வெட்டித் தீர்க்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கு வராவிடிற் கூலி போவதோடு தண்டமும் உண்டு. இவ்வச்சத்தால் மாதவிடாய் நாட்களின் இழப்பைத் தவிர்க்கவெனக் கருப்பையையே நீக்கிக்கொண்ட பெண்கள் பலர் என்ற செய்தி 2019இல் வெளிவந்து நாட்டை உலுக்கியது. மகாராஷ்டிர அரசு விசாரணைக் குழு அமைத்தது. பீட் மாவட்டத்தில் ஆராயப்பட்ட 82,000க்கு மேற்பட்ட பெண்களுள் 13,000க்கு மேற்பட்டோர் அவ்வறுவைக்கு உள்ளானவர்கள் எனத் தெரிய வந்தது. நம் வீட்டுப் பாயசத்திற்கு இடும் சர்க்கரை இவர்கள் கை வழியாக வருவது. நாமும் பிழைக்க வந்தவர்கள். அவர்களும் பிழைக்க வந்தவர்கள். அவர்கள் கூடாரம் வயலோரத்தில் நிற்கின்றது. நம் வீடு மூன்றாம் மாடியில் இருக்கின்றது.

ரமாபாய் இன்றிருந்தால் என் செய்வார் என்று கேட்பது வீண். அவர் 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 16. ஆகவே அவர் கண் மூடியது தவக்காலத்துப் புதன்கிழமை ஒன்றில். மனோரமா முந்திய ஆண்டே இறந்துவிட்டார். வேதாகமத்தின் முழுப்பதிப்பு 1924இலே வெளிவந்தது. முக்தி இல்லம் இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடந்தந்து நடைபெறுகின்றது. அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது.

சங்கத்து மகளிர் சிலர் இவ்வாண்டு பிடியரிசி திரட்டத் தொடங்கியுள்ளனர். உலையிலிடுமுன் ஒரு பிடி எடுத்துப் பானையிற் போடும் பழக்கம் நெல்லைச் சீமைச் சபைகளிலும் பிற இல்லங்களிலும் பன்னெடுங்காலமாக உள்ளதே. ஒரு பிடி 50 கிராம் எனக் கொண்டால், இரு வேளைக்கு 100 கிராம். நாற்பது நாளில் ஒரு வீட்டிற்கு 4 கிலோ. திரண்ட அரிசியைக் கரும்பு வெட்டுவோர் கூடாரங்களுக்குக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினர். பின்னர் ஒருவர் சென்று விசாரித்ததில், அவர்கள் உண்பது சோள பாக்ரி. நம் புழுங்கலரிசி அவர்கள் அடுப்புக்கு உதவாது என்று தெரிந்தது. கேட்காமற் கொடுத்திருந்தால் நாம் கொடுத்ததாக மகிழ்ந்திருப்போம்; அவர்கள் அதைக் கடையிற் பாதி விலைக்குத் தள்ளியிருப்பர். ஆதலின் அரிசியை முக்தி இல்லத்திற்கு அளிப்பதென்றும், மீன் விலையில் மிச்சமாவதைச் சோளம் வாங்கவும், சாகர் சாளா எனப்படும் கரும்பு வெட்டுவோர் குழந்தைகளுக்கான பள்ளிகளுக்குப் பலகையும் ஏடும் வாங்கவும் பயன்படுத்துவதென்றும் முடிவாகியுள்ளது. வீட்டு வேலைக்கு வருவோர்க்குப் பெருநாள் வாரத்தில் மிகை வேலைக்கு மிகைச் சம்பளமும், பெரிய வெள்ளியன்று சம்பளத்தோடு விடுமுறையும் தருவதென்று பதினொரு குடும்பத்தார் எழுதிக் கையொப்பமிட்டனர். மற்றையோர் பெயர் எழுதப் படிவம் சங்க அறையில் உள்ளது.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை காலை கேட்காவ் செல்லுகின்றோம். புனே சந்திப்பிலிருந்து தவுண்டு செல்லும் பயணிகள் வண்டி அங்கே நிற்கும். குழந்தைகளை அழைத்து வரலாம். அரிசி கொணர்வோர் பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் தனித்தனியே கட்டி வருவாராக.